மூடிப்போன பைக் ஷோரூம்கள்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அனுபவங்கள்

புதுவயல்காரன்:

போன மாதம் கிளட்ச் கேபிள் வாங்கக் காரைக்குடி போனேன். 30 வருஷமாகப் போய்வந்த ஷோரூமில் ஷட்டர் இறங்கியிருந்தது. போர்டைக் கழற்றிவிட்டார்கள். எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெள்ளையாகத் தெரிந்தது. ஷட்டரில் ஒரு வெள்ளைத்தாள்: 'சர்வீஸுக்கு மதுரைக் கிளையை அணுகவும்.' ஒரு கேபிளுக்காக மதுரைக்கா? போக 85 கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம்.

அப்பா 1993-ல் அங்கேதான் ஹீரோ ஹோண்டா சிடி 100 எடுத்தார். ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தை மஞ்சள் பையில் சுற்றி, பஸ்ஸில் என் மடியில் வைத்துக் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. முதலாளி பணத்தை எண்ணி முடிக்கும்வரை அப்பா உட்காரவே இல்லை. அப்புறம் முதலாளியே எழுந்து வந்து டேங்கில் சந்தனம் வைத்து, சாவியை அப்பா கையில் கொடுத்து, "நேரே கொப்புடையம்மனைக் கும்பிட்டுட்டு ஊருக்குப் போங்க" என்றார். கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு அந்தக் கடை என்றால் பின்னால் இருந்த ஒர்க்‌ஷாப்தான். ஃபோர்மேன் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஜாப் கார்டு அட்டையின்மேல் தட்டுவார். மில்லில் நிற்கிற வண்டி என்பதால் வெளிறிய தவிட்டுத் தூசி கொட்டும். ஆளை நிமிர்ந்து பார்க்காமலே "புதுவயல் வண்டி" என்பார். செம்மண் கொட்டினால் கிராமத்து வண்டி, இன்ஜின் ஆயிலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார். கம்பெனி புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டர் என்று போட்டிருக்கும். "அது அவங்க ஊருக்கு எழுதினது, உங்களுக்குப் பாதி தூரம்தான்" என்று அப்பாவிடம் சொன்னவர் அவர். 2011 வரை அந்த வண்டி ஓடியது.

இப்போது என்னிடம் இருப்பது 2004-ல் அதே கடையில் எடுத்த ஸ்ப்ளெண்டர். நம் வட்டாரத்தில் இப்படி மூடிய கடைகளோடு பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

ஸ்பேர்ஸ் கவுண்டர்:

அண்ணே, நீங்கள் சொல்லும் கடை இல்லை. பக்கத்தில் வேறொரு கம்பெனி ஷோரூமில் 19 வருஷம் ஸ்பேர்ஸ் பார்த்தேன். எங்கள் கடையும் இப்போது இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி விற்றால் முதலாளிக்குக் கொட்டுகிறது என்று ஊர் நினைக்கும். வண்டி லாரியில் ஏறும்போதே பணம் கம்பெனிக்குப் போய்விடும். அது பேங்க் பணம், அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். சீக்கிரம் விற்றால் ஏதோ மிஞ்சும். ஒன்றரை மாதம் குடோனில் நின்றால் மிஞ்சியதை வட்டி தின்றுவிடும். மாதக் கடைசியில் டார்கெட் என்று சொல்லி, கேட்காத கலரிலும் கேட்காத மாடலிலும் பில் போட்டு அனுப்புவார்கள். ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் யார் வண்டி எடுப்பார்கள்? ஆடியிலும் லாரி வந்து நிற்கும். வட்டிக் கணக்கில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரர் எங்கள் முதலாளி. அவரே அந்த வட்டியைப் பார்த்துப் பயந்தார்.

அடுத்தடுத்து அடி விழுந்தது 2017-லிருந்துதான். அந்த வருஷம் மார்ச் 29-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வண்டி, அதாவது பழைய புகை விதிப்படி செய்த வண்டி, விற்கக்கூடாது என்று. கையில் இருந்தது இரண்டே நாள். கம்பெனிகள் 22,000 ரூபாய் வரைக்கும் தள்ளுபடி அறிவித்தன. 30-ஆம் தேதி காலையில் நாங்கள் கடையைத் திறக்கும் முன்னாலேயே வாசலில் கூட்டம். சிங்கம்புணரியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். இரண்டு ராத்திரி தூங்காமல் இன்வாய்ஸ் போட்டோம். எல்லாம் தீர்ந்தது. தீர்ந்த பிறகு மூன்று மாதம் கடையில் ஈ ஆடியது, வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் அந்த இரண்டு நாளிலேயே வாங்கிவிட்டார்களே.

2018 செப்டம்பரில் புது வண்டிக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2019 ஏப்ரலில் 125 சிசி-க்கு மேல் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்), அதற்குக் கீழே கம்பைன்டு பிரேக் (ஒன்றைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிப்பது). 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. ஒவ்வொன்றும் நல்லதுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆன்ரோடு விலை ஏறும்போது, விவசாயிக்கும் கொத்தனாருக்கும் நான்தான் கவுண்டரில் நின்று காரணம் சொன்னேன். அந்த ஏப்ரலுக்கு ஒரு வாரம் முன்னால், மார்ச் 25-ல் லாக்டவுன். பிஎஸ்-4 வண்டி 14 உள்ளே நின்றது. மீதியில் பத்து சதவீதம் விற்கலாம் என்று கோர்ட் சொல்லி, அதையும் அப்புறம் திரும்ப வாங்கிக்கொண்டது.

கடையை முடித்தது அதுகூட இல்லை. புது டிசைனில் ஷோரூம் கட்டு என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அவர்கள் சொன்ன டைல்ஸ், அவர்கள் சொன்ன விளக்கு, எல்லாம் முதலாளி செலவில். "இந்த வயசுல இன்னொரு கடன் வேண்டாம்ப்பா" என்றார். பையன் வெளிநாட்டில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. டீலர்ஷிப் வெளியூர்க்காரருக்குப் போனது, அவருக்குப் பல ஊரில் கிளை உண்டு. ஒரு வருஷத்தில் நம் ஊர்க் கிளையைச் சுருக்கி ஒரு சின்ன அறையாக்கினார், அப்புறம் அதுவும் போனது.

பெரிய டீலர்களுக்கும் இதே கதைதான். 2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாகச் சொன்னபோது, அதன் டீலர்கள் நஷ்டஈடு கேட்டு நின்றது செய்தியில் வந்தது. டீலர்களைக் காப்பாற்றத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாட்டின் வண்டி டீலர்கள் சங்கமான ஃபாடா கேட்டு வருகிறது.

கடைசி நாளில் ஸ்பேர்ஸை எடை போட்டு விற்றார்கள். கேபிளும் கேஸ்கெட்டும் பிஸ்டன் ரிங்கும் ஒரே சாக்கில். எல்லாப் பார்ட் நம்பரும் எனக்கு மனப்பாடம். அந்தச் சாக்கைக் கட்டும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கானாடுகாத்தான் மருமகள்:

நான் 2007-ல் ஸ்கூட்டி வாங்கினேன். பெரிய ஷோரூம் இல்லை, காரைக்குடி டீலரிடமிருந்து வண்டி எடுத்து விற்கும் சப்-டீலர் கடை. இரண்டு வண்டிதான் வாசலில் நிற்கும். எனக்கு ஓட்டத் தெரியாது, மாமியாருக்கு நான் ஓட்டுவதில் விருப்பமும் இல்லை. கடைக்கார ஆச்சி எங்கள் வீட்டுக்கே வந்து, வளவில் உட்கார்ந்து மாமியாரிடம் பேசினார்கள். "ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போக ஆள் வேணும்ல ஆச்சி, அவளே கூட்டிட்டுப் போகட்டும்" என்று. பத்து நாள் சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டில் ஆச்சிதான் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள். டியூ இரண்டு மாதம் தவறியபோது ஃபைனான்ஸ்காரர் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். மாமியாரை நான் அதில் எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன் என்று கணக்கே இல்லை.

இப்போது இருப்பது எலெக்ட்ரிக். கம்பெனி பெயர் வேண்டாம். போனிலேயே புக் பண்ணி, போனிலேயே பணம் கட்டி, வீட்டு வாசலில் இறக்கினார்கள். ஓடும்போது நல்ல வண்டி, பெட்ரோல் செலவு மிச்சம், அதையும் சொல்ல வேண்டும். எட்டாவது மாதம் ஒருநாள் டிஸ்ப்ளே இருண்டுவிட்டது, வண்டி நகரவில்லை. ஆப்பில் புகார் போட்டேன். ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் வேறு வேறு குரல், வேறு வேறு டிக்கெட் நம்பர். முதலிலிருந்து மறுபடி சொல்லணும். ஒரு பெண் ஹிந்தியில் பேசினாள், பாவம் அவளுக்கும் என்ன தெரியும். 11-ஆம் நாள் மதுரையிலிருந்து வேன் வந்து ஏற்றிப்போனது. திரும்பி வர இன்னும் மூன்று வாரம். அத்தனை நாளும் எனக்கு அந்த ஆச்சி ஞாபகம்தான்.

தேவகோட்டை ரஸ்தா:

படிக்க மனசு கனக்கிறது, ஆனால் எல்லா டீலரும் அப்படி இருந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். சேத்தக் ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. அன்னியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசை இல்லை. சிங்கப்பூர், மலேசியாவில் ஆள் இருந்த வீடுகளில் சீக்கிரம் ஸ்கூட்டர் நின்றது, எங்கள் வீட்டில் நிற்கவில்லை. அப்புறம் வரிசை போன காலத்திலும் 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' என்று கிராஷ் கார்டு, சாரி கார்டு, சீட் கவர் எல்லாம் சேர்த்தால்தான் வண்டி தருவேன் என்ற டீலரிடம் நான் 2009-ல் சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஆன்ரோடு விலையைப் போனில் பார்த்துவிட்டுப் போய் நிற்கலாம். அது நல்ல மாற்றம்.

ஆனால் ஒன்று. அந்தச் சண்டையைப் போட எனக்கு எதிரே ஒரு ஆள் இருந்தான். கடைசியில் சீட் கவர் காசைத் திருப்பிக் கொடுத்தான்.

செஞ்சை மெக்கானிக்:

ஷோரூம் மூடினால் எனக்கு வேலை கூடும் என்று பலர் சொல்கிறார்கள். பழைய வண்டியில் கூடுகிறது, உண்மை. கார்புரேட்டர் வண்டி எது வந்தாலும் காதால் கேட்டே சரி பண்ணலாம். பிஎஸ்-6 வண்டி ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். மீட்டரில் இன்ஜின் லைட் எரிந்தால் ஸ்கேனர் போட்டு என்ன ஃபால்ட் கோடு (பழுதைச் சொல்லும் எண்) என்று பார்க்கணும். பொதுவான ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சில வண்டிக்குப் பேசும், சில வண்டிக்குப் பேசாது. முன்னால் அப்படி மாட்டினால் ஷோரூம் ஃபோர்மேனுக்கு ஒரு போன் போடுவேன். மேக்னெட்டைக் கழற்றும் புல்லர் இல்லையா, போய் வாங்கி வந்து மாலையில் திருப்பிக் கொடுப்பேன். எங்களுக்குள் போட்டி என்று ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை சந்தைக்கு வருகிறவர்கள் காலையில் வண்டியை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஒர்க்‌ஷாப் நிறைந்துவிட்டால் மிச்சத்தை எனக்கு அனுப்பிவிடுவார்.

அவர் இப்போது என் ஷெட்டில்தான் இருக்கிறார். 61 வயது. சம்பளத்துக்கு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். போன வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு யெஸ்டி வந்தது. அப்பச்சி ஓட்டிய வண்டி என்று சென்னையிலிருந்து வந்த மகன் முகப்பிலிருந்து தள்ளிக்கொண்டே வந்து டெம்போவில் ஏற்றியிருக்கிறார். யெஸ்டி செய்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி மூடியது 1996-ல். அந்த வண்டிக்குக் கம்பெனி இல்லை, டீலர் இல்லை. ஃபோர்மேன் இரண்டு நாள் உட்கார்ந்து, மூன்றாம் நாள் கிக்கரை மிதித்தார். இரண்டு சைலன்சரிலும் புகை வந்ததும் அந்தப் பையன் தெருவிலேயே நின்று அழுதுவிட்டார்.

இன்றைக்கு வாங்கும் வண்டியை முப்பது வருஷம் கழித்து யார் அப்படிக் கிளப்புவார்கள்? ஷோரூம் ஒர்க்‌ஷாப்பில்தான் பையன்கள் தொழில் பழகினார்கள். புதிதாகப் பழக இடம் இல்லை.

புதுவயல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. செஞ்சை அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நேற்றுக் கிளம்பி வந்துவிட்டேன். நீங்கள் சொன்ன ஃபோர்மேன் அவர்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டதும் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஃபில்டரை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். "புதுவயல்" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். "சிடி 100, கறுப்பு" என்றார். கேபிளை மாட்டிவிட்டு, காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

2025 செப்டம்பர் 22-ல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அது இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் முதலாளி தாங்கியிருப்பாரா என்று கேட்டேன். ஃபோர்மேன் பதில் சொல்லவில்லை, முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுப் போ என்றார். போனேன். பழைய சாமான் கடை ஒன்றில், செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கும் இனாமல் கிண்ணங்களுக்கும் நடுவில், எங்கள் ஷோரூமின் முதல் போர்டு சாய்த்து வைத்திருந்தது. நீல இனாமல் தகடு, ஓரத்தில் துரு. அதில் மூன்று இலக்கப் போன் நம்பர். வெளிநாட்டுக்காரர் ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்ததும் நான் கேட்டேன். 4,500 என்றார்கள். இருந்ததைக் கொடுத்துவிட்டு, மீதிக்குச் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.