தலைவரின் "தனிப்பட்ட பலவீனம்" என்று நாம் எதைச் சொல்கிறோம்?

கேள்வி: மௌனவாசகி

அனைவருக்கும் வணக்கம். ஒரு தலைவரின் நூற்றாண்டு மலருக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவர் மறைந்துவிட்டார், வீட்டார் இருக்கிறார்கள் என்பதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பதவியில் இருந்தபோது அவர் திறந்த பள்ளிகளில் ஒன்றில்தான் நான் படித்தேன். என் குடும்பத்தில் எனக்கு முன் எந்தப் பெண்ணும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆகவே, நன்றிக்கடன் என்றே நினைத்து இந்தப் பணியை ஏற்றுக்கொண்டேன்.

மூன்று மாதங்களாக அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்து வருகிறேன். அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு அவருக்குப் பல ஆண்டுகள் உறவு இருந்ததும், ஒரு மகள் பிறந்த பிறகு அந்தப் பெண் வேலையிலிருந்து அனுப்பப்பட்டதும் அவற்றிலிருந்து ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. நாட்குறிப்பில் அந்த வாரத்துப் பக்கங்களில் பென்சிலால் எழுதி அழித்த தடம் இருக்கிறது. விளக்கடியில் தாளைச் சாய்த்துப் பிடித்தால், "அவளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்" என்ற ஒரு வரியை மட்டும் படிக்க முடிகிறது. அடுத்த பக்கத்தில், பள்ளிக் கட்டடங்களுக்கான நிதி ஒதுக்கீடு பற்றி அதே கையெழுத்தில் நான்கு பக்கங்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்.

மலர்க் குழுவினரிடம் இதைச் சொன்னேன். "தனிப்பட்ட பலவீனம் யாருக்குத்தான் இல்லை? அதை விட்டுவிடுங்கள்" என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். என்றாலும் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பொதுவாழ்வில் பெரிய நன்மை செய்த ஒருவரின் சொந்த வாழ்க்கைக் குற்றங்களை எந்த அளவுகோலால் அளப்பது? எழுதினால் நன்றி கெட்டவள் ஆவேனா, எழுதாமல் விட்டால் பொய் சொன்னவள் ஆவேனா? விவரமறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில்: வரலாற்று மாணவன்

வணக்கம் அம்மா. படுக்கையறை வேறு, ஆட்சி அறை வேறு என்று பிரித்துப் பார்ப்பதே நியாயம் என்பது நெடுநாளாக என் கருத்து. ஒழுக்கம் என்றாலே ஆண் பெண் உறவு மட்டும்தான் என்று நாம் சுருக்கிவிட்டதால், வேறு பெரிய குற்றங்கள் நம் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் பதவியில் இருந்தபோது அவருடைய குடும்ப வாழ்க்கையில் எவரும் பெரிதாக விரல் நீட்டியதில்லை. ஆனால், எதிர்க்கட்சியின் அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்த குற்றத்தின் விசாரணையை அதிகாரத்தைக் கொண்டு தடுக்க முயன்றதற்கு அவருடைய அலுவலகத்து ஒலிநாடாக்களே சாட்சியாகி, 1974 ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலக நேர்ந்தது. நல்ல கணவர் என்பது ஆட்சியில் நேர்மைக்கு உத்தரவாதம் ஆகவில்லை.

மறுபக்கத்துக்கு 1884ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலைப் பாருங்கள். வேட்பாளர் குரோவர் கிளீவ்லாந்துக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகன் இருப்பதாகச் செய்தி வெடித்தபோது, என்ன பதில் சொல்வது என்று கேட்ட ஆதரவாளர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். எதிரே நின்ற ஜேம்ஸ் பிளைனோ, குடும்ப வாழ்க்கையில் மாசற்றவர் என்று பெயர் எடுத்திருந்தாலும், ரயில்வே நிறுவனங்களோடு கொண்ட பணத் தொடர்புகளுக்கு நேரான விளக்கம் தர முடியாமல் திணறினார். பொது வாழ்வில் நேர்மையானவரைப் பதவிக்கு அனுப்புவோம், சொந்த வாழ்வில் நேர்மையானவரை வீட்டுக்கு அனுப்புவோம் என்று அப்போது ஒரு வாதம் எழுந்தது. முடிவைத் தீர்மானித்த நியூயார்க் மாநிலத்தை ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றுக் கிளீவ்லாந்து கைப்பற்றினார்.

1963இல் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபியூமோ பதவி இழந்ததற்கும் ஒரு பெண்ணோடு அவர் கொண்ட உறவு மட்டும் காரணமன்று. அப்படி எதுவும் இல்லை என்று மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நின்று பொய் சொன்னார், ஜூனில் அதை ஒப்புக்கொண்டு விலகினார். ஆகவே, உங்கள் தலைவர் மக்களிடம் பொய் சொன்னாரா, அரசுப் பணத்தைத் தொட்டாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் அந்த அழிந்த பென்சில் வரியை அழிந்ததாகவே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

பதில்: பழைய உதவியாளர்

அம்மா, நான் படித்தவற்றிலிருந்து பேசவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். மக்கள் பிரதிநிதி ஒருவரிடம் ஒன்பது ஆண்டுகள் நேர்முக உதவியாளராக இருந்தேன். லஞ்சம் வாங்காதவர், மேடையில் ஒரு கடுஞ்சொல் பேசாதவர் என்று பெயர் பெற்றவர். அந்தப் பெயர் பொய்யன்று. ஆனால், குடிப்பழக்கம் இருந்தது. "அது அவருடைய சொந்த விஷயம்" என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம்.

காலை பத்து மணிக்கு மனுக்களோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். அவர் எழுந்திருக்காத நாட்களில், "ஐயா அவசரக் கூட்டத்தில் இருக்கிறார்" என்று சொல்வது என் வேலை. முதல் தடவை சொல்லும்போது நாக்கு தடுமாறியது. ஓராண்டு கழித்து, எந்த ஊரில் கூட்டம், யாரோடு கூட்டம் என்று நானே சேர்த்துச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஓட்டுநர் ஒரு பொய் சொல்லக் கற்றார், தொலைபேசியை எடுப்பவர் ஒரு பொய் சொல்லக் கற்றார், மாலைக் கூட்டங்களுக்குத் தேதி கொடுப்பவர் உடல்நலக் குறைவு என்று எழுதக் கற்றார். அவர் எங்களை ஒருநாளும் பொய் சொல்லச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இல்லாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

ஒரு பெண்மணி தன் மகனின் சிகிச்சைக்கான நிதியுதவி விண்ணப்பத்தோடு வந்தார். ஐயாவின் கையொப்பம் மட்டும்தான் பாக்கி. விண்ணப்பத்தை நான்காக மடித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். மூன்று நாட்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாட்களும் நான் கூட்டம் என்றே சொன்னேன். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார். அந்த வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "பார்க்க இயலவில்லை" என்று எழுதியது என் கைதான். அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அதனால்தான் தலைவர் பொய் சொன்னாரா, அரசுப் பணத்தைத் தொட்டாரா என்ற அளவுகோல் எனக்குப் போதவில்லை. ஒரு தலைவரின் குறை அவரோடு நிற்பதில்லை. அதை மறைக்கப் பத்துப் பேர் தேவைப்படுகிறார்கள். அந்தப் பத்துப் பேரும் அரசுச் சம்பளத்தில் இருக்கிறார்கள்.

பதில்: அடிக்குறிப்பு

பழைய உதவியாளர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. வரலாற்று மாணவன் அவர்களுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கிளீவ்லாந்து கதையை நானும் இப்படித்தான், நேர்மையின் வெற்றியாகவே படித்திருந்தேன். அதில் ஒருவர் விட்டுப்போகிறார். அந்தக் குழந்தையின் தாய் மரியா ஹால்பின். குழந்தை அவரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. அவர் மனநலக் காப்பகம் ஒன்றில் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய் விடப்பட்டார், சிறிது காலத்தில் வெளியே வந்தார். 1884 அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு சில நாட்களே இருந்தபோது, கிளீவ்லாந்து தன்னை வன்முறையால் அடைந்தார் என்று சத்தியப் பிரமாணம் செய்து எழுதிக் கொடுத்தார். கிளீவ்லாந்தின் ஆதரவாளர்கள் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைத்தான் கேள்விக்குள்ளாக்கினார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்று சொன்னவர் என்ற புகழ் அவருக்கு நிலைத்தது. உண்மை என்று மரியா சொன்னது புத்தகங்களின் ஓரத்துக்குப் போயிற்று.

"தனிப்பட்ட பலவீனம்" என்ற சொற்களில்தான் எனக்குக் கோளாறு தெரிகிறது. பலவீனம் என்றால் அது ஒருவருக்குள் இருப்பது. தனிப்பட்டது என்றால் வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. ஓர் அலுவலகத்தின் தலைவர், அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணை வேலையிலிருந்து அனுப்பியது எப்படித் தனிப்பட்டதாகும்? அங்கே பலவீனமான நிலையில் இருந்தவர் யார்?

அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் எழுதியவர், வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களில் ஒருவரான சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவரே தந்தை என்பதை 1998இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பிறகு பெரும்பாலான வரலாற்றாளர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால், நான் சொல்ல வந்தது இன்னொன்று. அவருக்கு ஊதாரித்தனம் இருந்தது. வீட்டை இடித்துக் கட்டுவதும், வருமானத்துக்கு மீறி வாழ்வதும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன. செலவாளி என்பதைவிடச் சொந்தமான ஒரு குறை வேறென்ன இருக்க முடியும்? 1826இல் அவர் பெருங்கடனோடு இறந்தார். உயிலில் விடுதலை பெற்றவர்கள் ஐந்தே பேர். 1827 ஜனவரியில், அந்தக் கடனை அடைப்பதற்காக 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். தாய் ஒருவரிடமும் பிள்ளைகள் வேறொருவரிடமுமாகக் குடும்பங்கள் சிதறின. அவருடைய கைச்செலவு அந்த ஏலமேடையில் வந்து முடிந்தது.

மௌனவாசகி அம்மா, உங்கள் தலைவர் திறந்த பள்ளி உண்மை, நீங்கள் அதில் படித்தது உண்மை. அதைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. நான்கு பக்கங்கள் அதற்குக் கொடுங்கள், நாட்குறிப்பில் அவரே கொடுத்திருப்பதைப்போல.

பதில்: வரலாற்று மாணவன்

அடிக்குறிப்பு அவர்களே, மரியா ஹால்பினின் பிரமாணத்தை நான் படித்திருக்கிறேன். படித்திருந்தும் அதைச் சேர்க்காமல் எழுதினேன், ஏனென்றால் அது என் வாதத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. மலர்க் குழு செய்யச் சொன்னதை நான் இங்கேயே செய்திருக்கிறேன் என்பது உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் உறைத்தது. மன்னிக்க வேண்டுகிறேன்.

பழைய உதவியாளர் ஐயா சொன்ன மறைப்பு வேலை அரசாங்க அளவில் நடந்ததற்குப் பிரெஞ்சு அதிபராக இருந்த பிரான்சுவா மித்தரான் சான்று. 1981இல் பதவிக்கு வந்த அதே ஆண்டிலேயே அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தன் உடல்நிலை பற்றி ஒழுங்காக அறிக்கை வெளியிடுவேன் என்று வாக்களித்திருந்தவர், 1992 வரை நோயை மறைத்த அறிக்கைகளை வெளியிட வைத்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்த மகளின் செய்தி கசியாமல் இருக்க, பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கென்று அவர் மாளிகையில் அமைத்த பிரிவே எழுத்தாளர்கள், செய்தியாளர்களின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 2005இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அப்போது அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மகள் இருந்தது எவருக்கும் தீங்கில்லை. அதை மறைக்க எடுத்த கருவிதான் நாட்டுக்குச் சொந்தமானது.

பதில்: குறள் வாசகர்

ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருக்குறளில் ஆள்பவனின் சொந்தக் குற்றங்களைப் பேசும் "குற்றங்கடிதல்" அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் அரசியலில் இருக்கிறது. காமம், வெகுளி, கடும்பற்றுள்ளம் (கஞ்சத்தனம்), மானம், உவகை, மதம் (செருக்கு) என்று பரிமேலழகர் அந்தக் குற்றங்களை ஆறாக எண்ணுகிறார். இன்று நாம் தனிப்பட்டவை என்று ஒதுக்குகிற அத்தனையும் அதில் இருக்கின்றன. அதற்கு அடுத்த அதிகாரமே பெரியாரைத் துணைக்கோடல். இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுப்பவர் எவரும் இல்லாவிட்டாலும் கெடுவான் என்று அங்கே வருகிறது. பழைய உதவியாளர் ஐயாவின் அலுவலகத்தில் பொய் சொல்லப் பலர் இருந்தார்கள். இடித்துச் சொல்ல ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பதில்: மௌனவாசகி

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று குழுவினரைக் கேட்டேன், உங்களைக் கேட்டேன், கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லையே என்று அடிக்குறிப்பு அவர்களின் பதிலைப் படித்த இரவில் தோன்றியது. அந்த மகள் இருக்கிறார். முகவரி தேடிக் கடிதம் எழுதினேன். பத்து நாட்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

நீண்ட நேரம் பேசவில்லை. தன் பெயர் எங்கும் வரக்கூடாது, தன் பிள்ளைகளுக்கு இது தெரியாது என்றார். அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். தந்தை பற்றிக் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. வைப்பதற்கு முன், "அம்மா அங்கே தட்டச்சராக இருந்தார், தெரியுமா?" என்று கேட்டார். தலைவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, இரவில் மூன்று படிகள் தட்டச்சு செய்து கொடுப்பாராம். பள்ளிகளைப் பற்றிய அந்தப் பேருரையில் புள்ளிவிவரங்களைத் திரட்டிச் சேர்த்ததும் அம்மாதான் என்றார்.

அந்த உரையை மலரில் முழுமையாக வெளியிடுகிறோம். நேற்று மூலப்படியை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், தட்டச்சு செய்தவரின் இரண்டு முதலெழுத்துகள் இருக்கின்றன. எத்தனையோ தடவை படித்தும் அவற்றை நான் கவனித்ததில்லை. வேலையிலிருந்து அனுப்பப்பட்டதை வாழ்க்கைக் குறிப்பில் இரண்டு வாக்கியங்களில், காரணத்தோடு எழுதியிருக்கிறேன். மகளைப் பற்றிய குறிப்பு அதில் இல்லை. உரைக்கு மேலே அந்தத் தாயின் முழுப் பெயரையும் அச்சிட வேண்டும் என்று மகளின் சம்மதத்தோடு குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. மறுத்தால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறேன்.