அப்பாவின் கணினியில் குரோமா, ஃபயர்பாக்ஸா?

பொன்னிவாசி:
அப்பாவுக்கு 72 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். கரண்ட் பில், கேஸ் புக்கிங் எல்லாம் தானே ஆன்லைனில் முடித்துவிடுவார். போன மாதம் வங்கியின் பக்கத்துக்குப் போக அதன் பெயரைத் தேடியிருக்கிறார். முடிவுகளில் முதலில் வந்ததைத் தட்டினார். அது விளம்பரம். உள்ளே வங்கியின் சின்னம், நிறம், முகவரிக்குப் பக்கத்தில் வழக்கமான குறி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். ஓடிபி கேட்டதும் சந்தேகம் வந்து எனக்குப் போன் செய்தார், பணம் தப்பியது. உடனே கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம். இப்போது குரோம் உலாவிதான் (பிரவுசர்) வைத்திருக்கிறார். மாற்றலாமா?

கரிசல்காட்டான்:
மாற்றுங்கள். ஃபயர்பாக்ஸ் போட்டு அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) சேருங்கள். உங்கள் அப்பாவைக் கவிழ்க்கப் பார்த்தது வைரஸ் இல்லை, காசு கொடுத்து மேலே ஏற்றிய விளம்பரம். அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதே மோசடியைப் பற்றி எச்சரித்து, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தச் சொன்னது. அந்த நீட்சியின் முழு வடிவம் குரோமில் இப்போது ஓடாது. பழைய நீட்சி முறையை 2025-ல் மூடிவிட்டார்கள். குரோம், விளம்பரத்தில் சம்பாதிக்கும் கூகுளின் உலாவி என்பதை மறக்க வேண்டாம்.

தாமிரபரணி:
மறுக்கிறேன். பல வருடமாக அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் அடைத்து, ஒன்று மற்றொன்றின் தகவலை எட்டிப் பார்க்க முடியாமல் செய்யும் ஏற்பாட்டைக் குரோம் 2018-லேயே கணினிகளில் கொண்டுவந்தது. ஃபயர்பாக்ஸில் 2021-ல்தான் வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து குரோமுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வாரந்தோறும் வருகிறது.

ஆனால் அது வந்தால் மட்டும் போதாது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் நாற்பது டேப்களைத் திறந்தபடியே வைத்திருப்பார். மேல் மூலையில் அப்டேட் குறி பச்சையாகி, ஆரஞ்சாகி, சிவப்பே ஆகிவிட்டது. சிவப்பு என்றால் திருத்தம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். மூடித் திறந்தால் முடிகிற வேலை. அப்பாவுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. நீட்சியும் ஆபத்துதான். கிரேட் சஸ்பெண்டர் என்று நல்ல நீட்சி ஒன்று இருந்தது. கை மாறியபின் அதில் தீய நிரல் புகுந்தது, 2021-ல் கூகுளே அதை முடக்கியது. நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்கும் உரிமையை யாருக்கோ கொடுக்கிறீர்கள். புதிய முறையில் நீட்சி விதிகளின் பட்டியலைக் கொடுக்கும், தடுப்பதை உலாவியே செய்துகொள்ளும். யூபிளாக்கின் லைட் வடிவம் அப்படித்தான் வேலை செய்கிறது.

கரிசல்காட்டான்:
அண்ணே, அறைக்கு அறை சுவர் இருப்பது நல்லதுதான். அவர் தன் கையாலேயே வாசல் கதவைத் திறந்துவிட்டாரே, அங்கே சுவர் என்ன செய்யும்? நீட்சி கண்டபடி வேண்டாம் என்பது சரி, ஒன்றே ஒன்று போதும். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் அது ஓடும், ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சியே போட முடியாது. அப்புறம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லா உலாவியும் உள்ளே குரோமின் அடிப்படையான குரோமியம்தான். எல்லோரும் ஒரே எஞ்சினில் போய் நின்றால் நாளைக்கு வலை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே நிறுவனம் முடிவு செய்யும். எனக்கு அதுவும் பாதுகாப்புப் பிரச்சினைதான்.

தாமிரபரணி:
அந்த ஃபயர்பாக்ஸுக்கு வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடல் ஒப்பந்தத்திலிருந்துதான் வருகிறது, தம்பி.

கரிசல்காட்டான்:
தெரியும். அதனால்தான் பயன்படுத்துகிறவர்கள் குறையக் கூடாது என்கிறேன்.

மலைச்சாரல்:
நான் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். இப்படி ஏமாந்து வருகிறவர்கள் என் எதிரில்தான் உட்காருகிறார்கள். "பூட்டு இருந்ததே அம்மா" என்பார்கள். முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பூட்டுக் குறி, வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று சொல்லாது. அந்தப் பூட்டுக்கான இலவசச் சான்றிதழ் மோசடிக்காரருக்கும் கிடைக்கும். இந்தக் குழப்பத்தால்தான் குரோமே 2023-ல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

எந்த உலாவியாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள், பொன்னிவாசி. உண்மையான வங்கித் தளத்தைத் திறந்து புக்மார்க் வையுங்கள். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அந்த முடிவைப் பார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை உலாவியிலேயே சேமியுங்கள். மனிதக் கண் ஏமாறும், உலாவி முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிடும். போலித் தளத்தில் பெட்டி தானாக நிரம்பாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

தாமிரபரணி:
சேமிப்பது எனக்குத் தயக்கம்தான். கணினியை யாராவது திறந்தால் எல்லாம் போகும். விண்டோஸைத் திறக்க PIN எண் கட்டாயம் வையுங்கள். மற்றபடி அக்கா சொன்னது சரி. தேடல் விளம்பரம்தான் வாசல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குரோமிலேயே இருந்தால் லைட் வடிவத்தையாவது போடுங்கள்.

பொன்னிவாசி:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். கணினியில் ஃபயர்பாக்ஸும் யூபிளாக்கும் போட்டாயிற்று. போனில் வங்கிச் செயலி இருப்பதால் அங்கே எதையும் மாற்றவில்லை. புக்மார்க்கைத் தட்டியதும் கடவுச்சொல் தானாக நிரம்புவதை அப்பா மூன்று முறை செய்து பார்த்தார். "பெட்டி காலியா இருந்தா உனக்குப் போன் பண்ணணும், அவ்வளவுதானே" என்றார்.

தாமிரபரணி:
நல்லது. கணினியில் என்ன விண்டோஸ் என்று பார்த்தீர்களா? 10 என்றால் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உலாவியை எவ்வளவு புதிதாக வைத்திருந்தாலும் அடியில் இருக்கும் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.