சி++ சிங்கிள்டன்: ஸ்டாட்டிக் பாயிண்டர் வைத்தால் லாகர் ஏன் இரண்டு முறை உருவாகிறது?

கடைசிபெஞ்ச்:
லாகர் (நடப்பதை ஃபைலில் பதியும்) கிளாஸ் ஒன்று, சி++17. சிங்கிள்டன், அதாவது புரோகிராம் முழுக்க இதில் ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். கன்ஸ்ட்ரக்டர் (பொருளைக் கட்டும் ஃபங்ஷன்) பிரைவேட். கிளாஸுக்குள் தன் வகையிலேயே ஒரு ஸ்டாட்டிக் பாயிண்டர். தொடக்க மதிப்பு நல்பாயிண்டர், அதாவது காலி. கெட்இன்ஸ்டன்ஸ் அது காலியா என்று பார்க்கும், காலியென்றால் நியூ போடும், பிறகு பாயிண்டரைத் திருப்பித் தரும்.

4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஓடும்போது சில நேரம் கன்ஸ்ட்ரக்டர் இரண்டு முறை ஓடுகிறது. மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போட்டால் சரியாகிறது, ஆனால் ஒவ்வொரு லாக் வரிக்கும் பூட்டித் திறக்க வேண்டியிருக்கிறது. பூட்டுக்கு வெளியே ஒரு இஃப், உள்ளே ஒரு இஃப் வைத்தால் போதுமா?

இன்னொன்று: புரோகிராம் முடியும்போது கடைசிச் சில வரிகள் ஃபைலில் இல்லை. லாகரின் டிஸ்ட்ரக்டருக்குள் (பொருள் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) அந்தப் பாயிண்டரை டெலீட் செய்து பார்த்தேன், பலன் இல்லை.

கம்பைலர்பூச்சி:
முதலில் அந்த டெலீட் வரியை எடுத்துவிடுங்க. நியூ போட்ட பொருளை யாராவது டெலீட் செய்தால்தான் அதோட டிஸ்ட்ரக்டர் ஓடும். ஸ்டாட்டிக் பாயிண்டர் மறையும்போது அது சுட்டுகிற பொருள் தானா அழியாது. அதனால் உங்க வரி ஓடவே இல்லை. வெளியே இருந்து யாராவது டெலீட் பண்ணியிருந்தா, டிஸ்ட்ரக்டர் டெலீட்டைக் கூப்பிட, டெலீட் டிஸ்ட்ரக்டரைக் கூப்பிட, ஸ்டாக் நிரம்பி விழுந்திருக்கும்.

இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் பாயிண்டரைக் காலியா பார்த்தால் இரண்டுமே நியூ போடும், அதான் இரண்டு முறை. இரட்டை இஃப்: சாதாரண பாயிண்டரோடு செய்யாதீங்க. நியூ என்பது ஒரே வேலை இல்லை. நினைவகம் எடுப்பது, அதில் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டுவது, முகவரியைப் பாயிண்டரில் எழுதுவது என்று மூன்று. கடைசி இரண்டும் இடம் மாறினால், இன்னொரு த்ரெட் வெளி இஃப்பில் காலியில்லாத பாயிண்டரைப் பார்த்து, பாதி கட்டிய லாகரை எடுத்துட்டுப் போயிடும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) பிராசஸர் நினைவகத்தில் எழுதும் வரிசையை மாற்றாததால் அங்கே பிழை பெரும்பாலும் ஒளிந்தே இருக்கும். அதே கோடு ஏஆர்எம் பிராசஸரில் (மொபைல்களில் இருப்பது) வெளிப்படும். ஸ்காட் மேயர்ஸும் ஆண்ட்ரே அலெக்ஸாண்ட்ரெஸ்குவும் 2004இல் இதையே விரிவா எழுதினாங்க. சி++11 முதல் அட்டாமிக் பாயிண்டர், அக்வயர்-ரிலீஸ் (படிக்கும், எழுதும் வரிசையைக் காக்கும் விதி) வைத்துச் சரியா எழுதலாம். ஆனா அவ்வளவு பாடு வேண்டாம்.

பாயிண்டரையே தூக்குங்க. கெட்இன்ஸ்டன்ஸுக்குள் லாகரை ஸ்டாட்டிக் லோக்கல் பொருளா அறிவிச்சு, அதன் ரெஃபரன்ஸைத் திருப்புங்க. இரண்டே வரி. முதல் அழைப்பில் ஒரே ஒரு த்ரெட் அதைக் கட்டும், மற்றவை காத்திருக்கும். இது சி++11 தரும் உத்தரவாதம். கன்ஸ்ட்ரக்டர் எக்ஸப்ஷன் வீசினால் அடுத்த அழைப்பில் மறுபடி முயலும். விஷுவல் ஸ்டூடியோவில் இது 2015 பதிப்பிலிருந்துதான். ஜிசிசி கம்பைலரில் நோ-த்ரெட்சேஃப்-ஸ்டாட்டிக்ஸ் ஃப்ளாக் இருந்தால் இந்தப் பாதுகாப்பு போயிடும். ஆர்டுயினோவின் ஏவிஆர் சிப்புக்கான பில்டில் அது இயல்பாகவே இருக்கு.

காப்பி கன்ஸ்ட்ரக்டரையும் அசைன்மென்ட்டையும் டெலீட் என்று அறிவிக்க மறக்காதீங்க. ஆட்டோவுக்குப் பின்னால் & போடாமல் விட்டால் ரெஃபரன்ஸ் உதிர்ந்து நகல்தான் கிடைக்கும். டெலீட் அறிவிப்பு இருந்தால் கம்பைலரே பிடிச்சிடும்.

சாவுவரிசை:
மேலே சொன்னது பிறப்புக்கு. இறப்பில்தான் தலைவலி. ஸ்டாட்டிக் பொருள்கள் கட்டி முடிந்த வரிசைக்கு நேர் எதிராக அழியும். ஒரு குளோபல் கேஷ் பொருள் இருக்கிறது, அதன் டிஸ்ட்ரக்டர் லாக் எழுதுகிறது என்று வையுங்கள். கேஷ் முதலில் பிறந்து லாகர் பிறகு பிறந்தால், லாகர் முதலில் சாகும். கேஷ் செத்த பொருளிடம் எழுதும். கேஷின் கன்ஸ்ட்ரக்டரிலேயே கெட்இன்ஸ்டன்ஸை ஒருமுறை கூப்பிட்டால் லாகர் முந்திப் பிறந்துவிடும், பிந்திச் சாகும்.

மாற்று வழி, ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் பாயிண்டர் வைத்து நியூ போட்டு, வேண்டுமென்றே டெலீட் செய்யாமல் விடுவது. நினைவகக் கசிவைத் தேடும் வால்கிரைண்ட் கருவி இதை "இன்னும் எட்டக்கூடியது" என்ற கணக்கில் காட்டும், கசிவாக அல்ல. ஆனால் கடைசி வரிகள் காணாமல் போனது இதே காரணத்தால்தான்: டிஸ்ட்ரக்டர் ஓடாததால் ஸ்ட்ரீமின் பஃபரில் (எழுதும் முன் தற்காலிகமாகச் சேரும் இடம்) இருந்தது ஃபைலுக்குப் போகவில்லை. இந்த வழியில் போனால் மெயின் முடியும் முன் நீங்களே ஃப்ளஷ் செய்ய (பஃபரில் இருப்பதை ஃபைலுக்குத் தள்ள) வேண்டும்.

எந்த வழியானாலும், மெயினிலிருந்து வெளியேறும் முன் 4 த்ரெட்டையும் ஜாயின் செய்துவிடுங்கள், அதாவது அவை முடியும் வரை காத்திருங்கள்.

லிங்கர்காரன்:
ஒரே புராசஸில் இரண்டு லாகர் இருக்க த்ரெட் தேவையே இல்லை. கெட்இன்ஸ்டன்ஸை ஹெடரில் இன்லைனாக எழுதி, அந்த ஹெடரை இரண்டு டிஎல்எல் (ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) சேர்த்துக்கொண்டால் விண்டோஸில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லாகர். லினக்ஸில் வழக்கமாக ஒன்றாகிவிடும். விசிபிலிட்டியை ஹிட்டன் ஆக்கியிருந்தால் (லைப்ரரிக்கு வெளியே பெயர் தெரியாதபடி) அங்கேயும் பிரியும். ஃபங்ஷனின் உடலை ஒரே ஒரு சிபிபி ஃபைலுக்கு நகர்த்தி, ஒரே லைப்ரரியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சந்தேகமென்றால் இரு பக்கமிருந்தும் பொருளின் முகவரியை அச்சிட்டுப் பாருங்கள், வேறுபட்டால் பிடிபட்டது.

கடைசிபெஞ்ச்:
லோக்கல் ஸ்டாட்டிக் ஆக்கியதும் இரட்டைப் பிறப்பு நின்றது, கடைசி வரிகளும் வருகின்றன. ஆனால் இரண்டு த்ரெட்டின் வரிகள் ஒன்றோடொன்று கலந்து விழுகின்றன. மேலும், ஒவ்வொரு அழைப்பிலும் மறைவாக ஒரு பூட்டு இருக்கிறதா?

கம்பைலர்பூச்சி:
கட்டி முடிந்த பிறகு பூட்டு இல்லை. ஒரு கார்ட் பைட்டை (கட்டி முடிந்ததா என்ற குறி) படிச்சு ஒரு கிளை, அவ்வளவுதான்.

வரி கலப்பது வேறு விஷயம். உத்தரவாதம் கட்டுவதற்கு மட்டும், எழுதுவதற்கு இல்லை. ரைட் ஃபங்ஷனுக்குள் லாகரின் சொந்த மியூட்டெக்ஸ் வேணும். முழு வரியையும் ஸ்ட்ரிங்கா முதலில் தயார் பண்ணிட்டு, ஃபைலில் எழுதும் அந்த ஒரு இடத்தை மட்டும் பூட்டுங்க.

இன்னும் ஒன்று: லாகரை மெயினில் சாதாரணப் பொருளா வைத்து, தேவைப்படும் கிளாஸ்களின் கன்ஸ்ட்ரக்டருக்கு ரெஃபரன்ஸா அனுப்பினால் மேலே பேசின பாதிச் சிக்கல் எழாது, டெஸ்ட்டில் போலி லாகரையும் செருகலாம். 10, 15 கிளாஸ்தான் என்றால் இப்பவே மாற்றுவேன்.