ஸ்டார்ட் ஆன 2 விநாடியில் எஞ்சின் நிற்கிறது, சாவி விளக்கு மின்னுகிறது: இன்னும் எத்தனை பாகம் மாற்றுவது?

நீலக்கார் (கேள்வி):

வணக்கம். 9 வருடப் பழைய பெட்ரோல் கார், சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் வகை, முதல் உரிமையாளர் நான்தான். நான்கு மாதமாக ஒரே தொல்லை. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சினும் பிடிக்கிறது, இரண்டு விநாடி ஓடிவிட்டு அப்படியே அடங்கிவிடுகிறது. அப்போது டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு படபடவென்று மின்னும். ஐந்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம் விட்டு முயன்றால் ஸ்டார்ட் ஆகி அன்று முழுக்க ஒழுங்காக ஓடும்.

தினமும் வந்தாலாவது பிடித்துவிடலாம். வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறைதான் வருகிறது, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் வருவதே இல்லை. முதலில் பேட்டரி என்றார்கள், மாற்றினேன். அப்புறம் பெட்ரோல் பம்ப் என்றார்கள், அதுவும் மாற்றியாயிற்று. பிறகு எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார். இப்போது இம்மொபிலைசர் யூனிட் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்புக் கருவி), இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), இரண்டு சாவி எல்லாவற்றையும் செட்டாக மாற்றினால்தான் தீரும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை இந்தக் காரை இன்று விற்றால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வரும். மாற்றிய பிறகும் சரியாகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், நேரான பதில் வரவில்லை.

போன வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடித்து அழைத்து வரும்போது வாகன நிறுத்தத்திலேயே இப்படி ஆகிவிட்டது. கண்ணில் கட்டோடு நாற்பது நிமிடம் காருக்குள் உட்கார வைத்திருந்தேன். அதன் பிறகு இந்தக் காரை நம்பி அவரை எங்கும் அழைத்துப் போக மனம் வரவில்லை.

இன்னொன்று, நடுராத்திரியில் அலாரம் தானாக அடிக்கிறது, அதுவும் மழை பெய்த இரவுகளில்தான் அதிகம். இரண்டும் ஒரே கோளாறா என்று தெரியவில்லை. வெளியில் எந்த அலாரமும் பொருத்தவில்லை, காரோடு வந்ததுதான். விபத்து எதுவும் இல்லை. கடைசியாகச் செய்த பெரிய வேலை என்றால் இண்டிகேட்டர் ஸ்விட்ச் மாற்றியது, அது இந்தத் தொல்லை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தூரப்பயணி:

எனக்கும் இதே போல் ஒரு வருடம் ஓடியது, அதனால் முதலில் செலவில்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பேர் சாவி வைத்திருப்பீர்களே, அதை மட்டும் தனியாக, வளையம், வீட்டுச் சாவி, வேறு சிப் சாவி எதுவும் கூட இல்லாமல் இரண்டு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். என் விஷயத்தில் மனைவியின் கார் சாவியும் என் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கின, இரண்டிலும் சிப் இருந்ததால் ஒன்று மற்றொன்றைக் குழப்பியது. பிரித்த நாளிலிருந்து தொல்லை இல்லை. வளையத்தில் இருக்கும் கனமான உலோகமும் சில சமயம் கெடுக்கும்.

ரிமோட்டில் கதவு திறக்கிறது, அதனால் சாவி நல்ல சாவிதான் என்று நினைக்க வேண்டாம். நான் அப்படித்தான் நினைத்து ஆறு மாதம் வீணாக்கினேன். கதவைத் திறக்கும் ரிமோட் வேறு, எஞ்சினை அனுமதிக்கும் சிப் வேறு, இரண்டும் ஒரே பிளாஸ்டிக்குக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்தச் சாவி, மழையா வெயிலா, விளக்கு மின்னியதா என்று எழுதி வையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து பேச அது பெரிய உதவி.

வயரிங்காரன்:

தொழிலில் ஆட்டோ எலக்ட்ரீஷியன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த செட்டை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கார் காட்டும் அறிகுறி தெளிவாக இருக்கிறது. பெட்ரோல் பம்ப் போயிருந்தால் எஞ்சின் திணறும், ஏற்றத்தில் இழுக்காது, இப்படி ஒவ்வொரு முறையும் அளந்து வைத்தது போல இரண்டு விநாடியில் நிற்காது, சாவி விளக்கும் மின்னாது. பல கார்களில் இசியூ முதலில் எஞ்சினைப் பிடிக்கவிடும், அதற்குள் இம்மொபிலைசரிடமிருந்து சரியான பதில் வராவிட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். நீங்கள் பார்ப்பது அதுதான். விளக்கு மின்னுவதைப் பார்த்த பிறகும் பம்பையும் கிராங்க் சென்சாரையும் மாற்றியது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அந்தப் பணத்தை நீங்கள் இழந்திருக்கவே கூடாது.

சாவியின் தலைக்குள் இருக்கும் சிறிய சிப்புக்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி வளையமாக ஒரு கம்பிச் சுருள், அதாவது காயில், இருக்கும், நீங்கள் சாவியைத் திருகியதும் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை விடும். அந்த அலையிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். ஆக சாவியிலிருந்து காயில், காயிலிலிருந்து கனெக்டரும் வயரும், பிறகு இம்மொபிலைசர், கடைசியில் இசியூ என்று சங்கிலி போகிறது. இதில் எந்த இடம் அறுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான்.

எந்த இடம் என்று சொல்லக்கூடியது ஸ்கேனர். ஆனால் கையில் வைத்திருக்கும் சாதாரண ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் இசியூவை மட்டும்தான் படிக்கும், இம்மொபிலைசர் பக்கத்துக்குள் போகாது. அங்கே போகக்கூடிய ஸ்கேனரை வைத்து, கோளாறு இருக்கும்போதே படிக்க வேண்டும். சாவி தவறு (பொதுக் குறியீட்டில் பி 0513) என்று வந்தால் ஒரு வழி, சாவியிலிருந்து பதிலே இல்லை என்று வந்தால் வேறு வழி, இம்மொபிலைசருக்கும் இசியூவுக்கும் நடுவே தொடர்பு இல்லை என்று வந்தால் இன்னொரு வழி. உங்கள் ஒர்க்‌ஷாப்பில் இந்த மூன்றில் எது வந்தது என்று கேளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அவர்கள் படிக்கவே இல்லை.

அப்புறம் முக்கியமான ஒன்று, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: இண்டிகேட்டர் ஸ்விட்ச் மாற்றினார்கள், அதன் பிறகுதான் தொடங்கியது. அந்த ஸ்விட்சை எடுக்க ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரைக் கழற்றியாக வேண்டும், அந்தக் காயிலும் அதன் கனெக்டரும் அதே கவருக்குள்தான் இருக்கும். நான் காரைப் பார்க்கவில்லை, ஆனால் என் கைக்கு வந்தால் முதலில் அந்தக் கவரைத்தான் கழற்றுவேன். கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, லாக் உடைந்திருக்கிறதா, வயர் ஏதாவது ஸ்க்ரூவில் மாட்டி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கோளாறு வரும்போது ஸ்டீயரிங்கை மேலும் கீழும் டில்ட் செய்து முயன்று பாருங்கள், அதில் வித்தியாசம் தெரிந்தால் வயர்தான். ஒரு எச்சரிக்கை, ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருக்கிறது, தெரியாதவர்கள் மஞ்சள் கனெக்டர் எதையும் தொடக் கூடாது.

கூடவே ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது 12.6 இருந்தாலும் எர்த் வயர் (பேட்டரியைக் கார் உடலோடு இணைப்பது) அரித்திருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது இம்மொபிலைசருக்குப் போகும் வோல்டேஜ் சரிந்து அது குழம்பலாம். புது பேட்டரி போட்டது இதற்குத் தீர்வாகாது.

மழைநாள்:

அலாரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மழையில் அடிக்கிறது என்றால் பானட் ஸ்விட்சை முதலில் பாருங்கள். பானட் மூடியிருக்கிறதா என்று காருக்குச் சொல்லும் சிறிய ஸ்விட்ச் அது, பெரும்பாலும் லாக்கோடு சேர்ந்தே இருக்கும், தண்ணீரும் மண்ணும் நேராகப் படும் இடம். ஈரத்தில் தொடர்பு விட்டுப் போனால் யாரோ பானட்டைத் திறந்துவிட்டதாக நினைத்து சைரன் அடிக்கும். இன்னொரு காரணம், சில சைரன்களுக்குள்ளேயே ஒரு சிறிய ரீசார்ஜ் பேட்டரி இருக்கும், திருடன் கார் பேட்டரியைக் கழற்றினாலும் அடிப்பதற்காக. பல வருடம் ஆனதும் அது கசிந்து போர்டையே தின்றுவிடும், பிறகு அது தன் இஷ்டத்துக்கு அடிக்கும். உள்ளே ஆள் அசைவைப் பார்க்கும் சென்சார் உங்கள் காரில் இருந்தால் அதை ஓர் இரவு அணைத்து வையுங்கள், கண்ணாடி லேசாகத் திறந்திருந்தாலும் உள்ளே பூச்சி பறந்தாலும் அது தூண்டப்படும். ஒவ்வொன்றாக விலக்கினால்தான் எது என்று தெரியும், ஒரே நாளில் மூன்றையும் தொடாதீர்கள்.

வேகத்தடை:

இவ்வளவு எதற்கு, இம்மொபிலைசரை மொத்தமாக பைபாஸ் செய்து, அதாவது அது இல்லாமலே ஓடும்படி மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேர வேலை. பழைய காருக்கு அது போதும்.

வயரிங்காரன்:

வேண்டாம் நண்பரே, இதை உறுதியாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2011 முதல் 2022 வரை விற்ற ஹூண்டாய், கியா கார்களில் பல மாடல்கள் இம்மொபிலைசர் இல்லாமல் வந்தன. அவற்றை எப்படி எடுப்பது என்ற வீடியோ சமூக வலைத்தளங்களில் பரவியதும் ஊர் ஊராகத் திருட்டு நடந்தது, சிறுவர்கள்கூட எடுத்துப்போய் விபத்தில் இறந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1998லிருந்து புதுக் கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியதும் காரணத்தோடுதான். பைபாஸ் செய்த காருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் திருட்டு இழப்பீட்டை மறுத்தால் நீங்கள் என்ன வாதாட முடியும்? கெட்டுப்போனது ஒரு வயராக இருந்தால் அந்த வயரைச் சரிசெய்வோம்.

நீலக்கார்:

எல்லோருக்கும் நன்றி, பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஸ்பேர் சாவியிலும் இருமுறை வந்தது, அதனால் சாவி இல்லை என்று தெரிந்தது. மூன்றாவது முறை வந்தபோது ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கினேன், விளக்கு அணைந்து உடனே ஸ்டார்ட் ஆனது! மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். ஸ்கேனரில் சாவியிலிருந்து பதில் இல்லை என்ற கோட் பதினோரு முறை பதிவாகியிருந்தது. கவரைக் கழற்றினார், காயில் கனெக்டரின் லாக் உடைந்து பாதிதான் செருகியிருந்தது, ஒரு பின் வளைந்தும் இருந்தது. பின்னை நிமிர்த்தி கனெக்டர் கூட்டை மட்டும் மாற்றினார். அரை மணி நேரம். இன்றோடு 19 நாள், ஒரு முறைகூட வரவில்லை, நேற்று அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போய் வந்தேன்.

பழைய ஒர்க்‌ஷாப்பில் அந்த ஸ்கேன் தாளையும் உடைந்த கனெக்டரையும் மேசையில் வைத்துக் கேட்டேன். பம்புக்கும் சென்சாருக்கும் வாங்கிய கூலியைத் திருப்பித் தருகிறேன் என்றார்கள், பாகத்தின் விலையைத் தர மறுக்கிறார்கள். கழற்றிய பழைய பம்ப் எங்கே என்று கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இதை விடுவதாக இல்லை, எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

அலாரம் மட்டும் இன்னும் தீரவில்லை. பானட் ஸ்விட்சைச் சுத்தம் செய்திருக்கிறேன், அடுத்த மழைக்குக் காத்திருக்கிறேன்.

வயரிங்காரன்:

நல்லது. பழைய பாகங்களை இனிமேல் கேட்டு வாங்கி டிக்கியிலேயே வைத்திருங்கள். மழையில் மறுபடி அடித்தால் ஸ்விட்சை முழுதாக மாற்றிவிடுங்கள், உள்ளே அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் பலன் நிலைக்காது.