வில்லனுக்கும் வில்லாவுக்கும் என்ன உறவு?

மாடித்தோட்டம்:
எங்கள் தெருமுனையில் 'லக்சுரி வில்லா' என்று பேனர் வைத்திருக்கிறார்கள். ஏழாவது படிக்கிற பேரன், "வில்லாவுல இருக்கிறவன்தான் வில்லனா தாத்தா?" என்றான். சிரித்துச் சமாளித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஒருவரோ, வில்லேந்தியவன் வில்லன், சேரனுக்கே வில்லவன் என்று பெயர், வெள்ளைக்காரன் நம்மிடம் சுட்டது என்கிறார். நம்பலாமா?

கரும்பலகை:
சேரனுக்கு வில்லவன் என்ற பெயர் உண்டு சார். ஆனால் சினிமா வில்லனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உங்கள் பேரன்தான் சரியாகப் பிடித்திருக்கிறான். லத்தீனில் வில்லா என்றால் பண்ணை வீடு. வில்லேஜும் அதில் வந்ததுதான். பண்ணையில் பாடுபட்டவன் வில்லானுஸ். பிரெஞ்சு வாய்க்குள் புகுந்து, 1066-ல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்களோடு அங்கே போன சொல். 1086-ல் இங்கிலாந்தின் நிலத்தையும் குடிகளையும் பற்றி எடுத்த டூம்ஸ்டே கணக்கில் பதிவான ஆட்களில் சுமார் 40 சதவீதம் பேர் இந்த 'வில்லன்கள்'. அத்தனை பேரும் குடியானவர்கள்!

பிரபுவின் நிலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கூலியில்லாமல் உழைக்கணும். மகளைக் கட்டிக்கொடுக்க அவருக்குப் பணம் கட்டணும். குடும்பத் தலைவன் செத்தால் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எழவு வீட்டில்! எங்கள் அப்பாவும் பண்ணையாள்தான். இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்த மாட்டில் வந்து எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

கேப்பைக்கூழ்:
சரிங்க டீச்சர், மாட்டைப் பறிகொடுத்தவன் எப்படிக் கெட்டவன் ஆனான்?

கரும்பலகை:
எழுதுகோல் யார் கையில் இருந்தது தம்பி? அரண்மனைப் பழக்கம் தெரிந்தவன் பண்பாளன், வயக்காட்டான் முரடன். முரடன் என்றால் ஈனபுத்தி, ஈனபுத்தி என்றால் எதற்கும் துணிந்தவன். இப்படியே இறங்கி இறங்கிப் போக்கிரியானது. ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' முதல் காட்சியில் அண்ணன் தம்பியை வில்லன் என்று திட்டுவான். அயோக்கியன் என்பது அவன் நினைப்பு. தம்பியோ, நான் வில்லன் இல்லை, இன்னார் மகன் என்று அப்பா பெயரைச் சொல்வான். அவன் காதில் விழுந்தது கீழ்ப்பிறப்பு என்ற வசவு. ஒரே சொல், இரண்டு அர்த்தமும் உயிரோடு. போக்கிரியைக் குறிக்கும் 'நேவ்' (knave) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் முதலில் அர்த்தம் வெறும் 'பையன்'தான், ஏவல் பார்த்த பையன்.

நம்மிலும் என்ன வாழ்கிறது? நாகரிகத்தில் நகர் இருக்கிறது. ஹாஸ்டலில் முதல் வருடம் முழுக்க என் பெயர் 'பட்டிக்காடு'.

மாடித்தோட்டம்:
நன்றி அம்மா. அப்போ வில்லி?

கரும்பலகை:
அது நம்ம ஊர்ச் சரக்கு சார். வில்லனை இரவல் வாங்கி நாமே பெண்பாலாக்கிக்கொண்டோம். பழைய தமிழில் வில்லி என்றால் வில்லாளி. வாட்ஸ்அப் நண்பருக்கு அதை வேண்டுமானால் கொடுத்துவிடலாம்.