குலியாக்கானில் பிடிபட்டவனை விடுவிக்கும் ஆணையைப் பிறப்பித்தது யார்?

ஆலமரம்:
"மெக்சிகோ நிலையான ஜனநாயக நாடு, போதைக் கும்பல்களால் அரசு ஆட்டம் காணவில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2019 அக்டோபர் 17 அன்று மெக்சிகோவின் குலியாக்கான் நகரில், சினலோவா போதைக் கும்பலின் தலைவனாக இருந்த சாப்போ குஸ்மானின் மகன் ஒவிதியோவைப் படையினர் பிடித்தார்கள். கும்பல் நகரை முடக்கியது. சில மணி நேரத்தில் அவனை விட்டுவிட்டார்கள். பிடித்த குற்றவாளியைத் திருப்பிக் கொடுப்பதுதான் நிலையான அரசா?

கூர்வாள்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேளுங்கள். விட்டது சரியான முடிவு என்று இன்றும் சொல்கிறேன். அன்று படையினரின் குடும்பங்கள் வசித்த குடியிருப்பைக் கும்பல் தாக்கியது. வண்டிகளைக் கொளுத்திச் சாலைகளை மறித்தது. சிறையிலிருந்து சுமார் 50 கைதிகள் தப்பினார்கள். ராணுவம் வெளியிட்ட காணொளியைப் பாருங்கள். கதவு திறக்கிறது, ஒவிதியோ வெளியே வருகிறான், தொலைபேசியில் தன் அண்ணனிடம் தாக்குதலை நிறுத்தச் சொல்கிறான். துப்பாக்கிச் சத்தம் ஓயவே இல்லை. அந்த நேரத்தில் நகர மக்களைப் பலி கொடுத்திருக்க வேண்டுமா?

ஆலமரம்:
சரியான முடிவு என்றால் அன்றைய அதிபர் லோபஸ் ஒப்ரதோர் ஏன் மறைத்தார்? பாதுகாப்பு அமைச்சரவை முடிவெடுத்தது, தான் ஆதரித்தேன் என்றுதான் முதலில் சொன்னார். விடுவிக்க ஆணையிட்டது தானே என்று 2020 ஜூனில்தான் ஒப்புக்கொண்டார். எட்டு மாதங்கள்! ஆணையிட்டது யார் என்பதையே சொல்லத் தயங்கிய அரசு அது.

கூர்வாள்:
மறைத்தார் என்பது உங்கள் சொல். மறுநாளே ஆதரித்தேன் என்றவர் பொறுப்பிலிருந்து எங்கே ஓடினார்?

ஆலமரம்:
ஆதரிப்பது வேறு, ஆணையிடுவது வேறு. இந்த வேறுபாடு புரியாதவரோடு என்ன பேசுவது?

பழைய வாசகன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த நாட்டு மக்கள் 'மெஹிகோ' என்றுதான் சொல்கிறார்கள். இருவரும் 'மெக்சிகோ' என்றே எழுதுகிறீர்கள்.

கூர்வாள்:
தமிழில் ஊன்றிவிட்ட பெயர் மெக்சிகோ. உச்சரிப்புப் பாடம் நடத்துகிற நீங்கள்தானே கொலம்பியா விவாதத்தில் போதைக் கும்பல் தலைவன் எஸ்கோபார் 1991இல் கொல்லப்பட்டான் என்று மூன்று நாள் வாதாடினீர்கள்? 1991இல் அவன் சரணடைந்தான். கொல்லப்பட்டது 1993 டிசம்பரில். இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை.

பழைய வாசகன்:
அதை இன்னும் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறீர்களா? நான் பெயரைப் பற்றித்தான் கேட்டேன்.

நிலவறை:
ஒரு நாள் நடந்ததையே எத்தனை முறை அரைப்பீர்கள்? 2006 டிசம்பரில் அன்றைய அதிபர் கால்தெரோன் போதைக் கும்பல்களை ஒடுக்க மிச்சோவாகான் மாநிலத்துக்கு ராணுவத்தை அனுப்பினார். 2007இல் ஒன்பதாயிரத்துக்கும் குறைவாக இருந்த கொலைகள் 2011இல் 27,000ஐத் தாண்டின. காணாமல் போனோர் பதிவேடு 2022இல் ஒரு லட்சத்தைக் கடந்தது. பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் மண்வெட்டியோடு வெட்டவெளிகளில் தோண்டுகிறார்கள். ஆணை யாருடையது என்பதா அவர்களின் கேள்வி?

கூர்வாள்:
நிலவறை சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். ராணுவத்தை இறக்கினால் அடங்கிவிடும் என்று நம்பியதன் விலை அது. கால்தெரோனின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கார்சியா லூனா யார்? சினலோவா கும்பலிடம் லஞ்சம் வாங்கியதற்காக 2023இல் அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அடுத்த ஆண்டு 38 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை விதித்தது. கும்பலை ஒழிக்கும் போருக்குத் தலைமை தாங்கியவரே கும்பலின் ஆள்! 2019இல் படை பின்வாங்கியது மட்டும்தான் ஆலமரத்தின் கண்ணில் படுகிறது.

நிலவறை:
நான் சொன்னதை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள். 2024 தேர்தலுக்கு முன் வேட்பாளர்களும் வேட்பாளராக விரும்பியவர்களும் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இதையா நிலையான ஜனநாயகம் என்கிறீர்கள்?

கூர்வாள்:
அந்தத் தேர்தலில்தான் கிளாவுதியா ஷேன்பவும் கிட்டத்தட்ட 60 சதவீத வாக்குகளோடு வென்று அதிபரானார். வாக்குச்சாவடிக்குப் போன கோடிக்கணக்கானவர்களை இல்லை என்பீர்களா?

ஆலமரம்:
பேச்சை எங்கெங்கோ இழுக்கிறீர்கள். 2023 ஜனவரியில் அதே ஒவிதியோவைப் பிடித்தபோது 10 படையினரும் கும்பலைச் சேர்ந்த 19 பேரும் இறந்தார்கள். விமான நிலையத்தில் பயணிகள் விமானத்தையே சுட்டார்கள். 2019இல் விடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

கூர்வாள்:
2019இல் ஒவிதியோ இருந்த வீட்டைச் சோதனையிடும் நீதிமன்ற ஆணைகூடப் படையினர் கையில் இல்லை. ஆயத்தமில்லாமல் போனார்கள். 2023இல் ஆயத்தத்தோடு போனார்கள், அவன் அமெரிக்கச் சிறைக்குப் போனான். இரண்டையும் ஒன்றாக்குவது உங்கள் பிடிவாதம்.

ஆலமரம்:
ஆயத்தமில்லாமல் அனுப்பியது யார்? விடச் சொன்னது யார்? எட்டு மாதம் ஏன் பிடித்தது? இன்னும் பதில் வரவில்லை.

கூர்வாள்:
மூன்று முறை சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

பழைய வாசகன்:
'சினலோவா' என்பதும் தவறு. 'சினாலோவா' என்று நெடிலோடு எழுத வேண்டும்.