அப்டேட்: மாவுக்கட்டு பிரிச்சாச்சு, வாட்ச்சும் ஓடுது

ரெண்டு மாசம் முன்னாடி வண்டில விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சு சும்மா இருக்க முடியல, வாட்ச் அசெம்பிளி கத்துக்கலாமான்னு கேட்டேன்ல, அதோட அப்டேட்.

கட்டு பிரிச்சதும் பிசியோ அக்கா ஓகே சொன்னாங்க, பத்து நிமிஷத்துக்கு மேல வேணாம்னு ஒரு கண்டிஷன். சீகோ (Seiko) என்எச்35 மூவ்மெண்ட்ல, அதாவது வாட்ச் உள்ள ஓடுற மெஷின்ல, டயல் ஈஸியா உக்காந்துருச்சு. முள்ளுதான் உயிரை வாங்குச்சு. கிரவுனை (வாட்ச் பக்கவாட்டுல இருக்குற திருகு) திருகி தேதி டக்குனு மாறுற எடத்துல நிறுத்தி, மணி முள்ளு நிமிஷ முள்ளு ரெண்டையும் 12க்கு நேரா அமுக்கணும். செகண்ட் முள்ளு மூணு தடவ ட்வீசர்லேந்து பறந்து, கடைசில பாய்ல கெடச்சுது. கை நடுங்குனா முழங்கைய மேஜைல ஊனிக்குவேன், அது நல்லா உதவுது.

கிரவுனையும் மூவ்மெண்டையும் சேக்குற கம்பிய, அதான் ஸ்டெம்ம, மட்டும் கொஞ்சம் அதிகமா வெட்டிட்டேன், புதுசு வாங்கணும்.